அச்சுக்குப் போகும் படத்தில் பட்டைகள்: போஸ்டரைசேஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருமண ஆல்பம், நாள்காட்டி, கண்காட்சிப் பிரதி, கடை முகப்புப் பதாகை என எதற்காகப் படம் தயாரித்தாலும், கோப்பை அச்சகத்துக்கு அனுப்பும் முன் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. பெரும்பாலும் ஃபோட்டோஷாப்பை வைத்தே விளக்கியிருக்கிறேன். இலவச மென்பொருள்களில் வேலை செய்பவர்களுக்கும் தனியே ஒரு பதில் உண்டு.

போஸ்டரைசேஷன் என்று எதைச் சொல்கிறோம்?

சீராக மாறவேண்டிய நிறம் துண்டுதுண்டாக உடைந்து, ஒவ்வொரு துண்டின் விளிம்பும் கோடுபோலத் தெரிவதைச் சொல்கிறோம். சாய்தளமாக இருக்கவேண்டியது படிக்கட்டாகிவிடுகிறது. மாலை வானம், ஸ்டூடியோவின் சாம்பல் பின்னணி, மூடுபனி, நெற்றியிலிருந்து கன்னம்வரை இறங்கும் நிழல் ஆகிய இடங்களில் இது முதலில் கண்ணில் படும். அச்சுத் தொழிலில் பேண்டிங் என்றும் சொல்வார்கள். இலை, மணல், துணி நெசவு போன்ற இடங்களிலும் அதே அளவு நிறங்கள் தொலைந்திருக்கலாம். அங்கே விவரங்கள் நிறைந்திருப்பதால் இழப்பு மறைந்துபோகிறது.

இவ்வளவு சிறிய வேறுபாட்டைக் கண் எப்படிப் பிடிக்கிறது என்று பலருக்கும் வியப்பாக இருக்கும். இரண்டு சமதள நிறங்கள் சந்திக்கும் விளிம்பில், வெளிர்ப்பக்கத்தை இன்னும் வெளிராகவும் கருமைப்பக்கத்தை இன்னும் கருமையாகவும் காட்டுவது நம் பார்வையின் இயல்பு. ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1865இல் இதை விவரித்தார். அவர் பெயராலேயே அவை மாக் பட்டைகள் எனப்படுகின்றன. ஆகவே வாடிக்கையாளர் "இங்கே கோடு தெரிகிறது" என்றால் அதைத் தள்ளிவிடாதீர்கள். அளந்தால் மிகச் சிறிய வேறுபாடாக இருக்கலாம். அவர் கண்ணுக்கு அது உண்மையிலேயே கோடுதான்.

8 பிட் படத்திலேயே 1 கோடியே 67 லட்சம் நிறங்கள் இருக்கின்றனவே. அது போதாதா?

8 பிட் என்றால் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒவ்வொரு நிறத்தின் அடுக்குக்கும், அதாவது சேனலுக்கும், 256 அளவுகள். அந்த எண் 256 × 256 × 256 என்ற பெருக்கலின் விடை. வானத்தின் ஒரு சிறு பகுதிக்கு அதில் எத்தனை கிடைக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. ஒரு நாள்காட்டித் தாளில் வானம் 38 செ.மீ. உயரம் பிடிக்கிறது என்று கொள்வோம். அந்த உயரத்துக்குள் ஒரு சேனலின் மதிப்பு 180இலிருந்து 220வரை மட்டுமே மாறுகிறது என்றால் கிடைப்பது சுமார் 40 படிகள். ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 1 செ.மீ. அகலம்.

இந்த நிலையில் அது பெரும்பாலும் அச்சில் தெரியாது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே ஓர் அலகு வேறுபாடுதான். அச்சுப் புள்ளிகளும் தாளின் தன்மையும் அதை விழுங்கிவிடும். வானம் மங்கலாக இருக்கிறதென்று கர்வ்ஸை (ஒளி அளவுகளை மாற்றும் வளைகோட்டுக் கருவி) இழுக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. 180–220 என்ற இடைவெளியை 120–240 ஆக விரித்தால், அதே 40 படிகள் 120 அலகு தூரத்தைக் கடக்கவேண்டும். ஒவ்வொரு படிக்கும் 3 அலகு தாவல். இடைப்பட்ட நிறங்கள் கோப்பில் இல்லை, எங்கிருந்தும் வரப்போவதும் இல்லை. ஹிஸ்டோகிராம் (ஒவ்வொரு அளவிலும் எத்தனை பிக்சல்கள் என்று காட்டும் வரைபடம்) சீப்பின் பற்கள்போல இடைவெளி விட்டு நிற்பது இதனால்தான்.

அதோடு சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே இடத்தில் படி மாறுவதில்லை. அதனால் சாம்பல் பின்னணியில் ஒரு பட்டை லேசான இளஞ்சிவப்பாகவும் அடுத்தது லேசான பச்சையாகவும் தெரியும்.

பட்டை படத்தில் இருக்கிறதா, என் திரையில் இருக்கிறதா?

எதையும் திருத்தும் முன் கேட்கவேண்டிய கேள்வி இது. இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்துப் படத்தைக் கெடுப்பது அடிக்கடி நடக்கிறது. விலை குறைந்த திரைகள் பல, சேனலுக்கு 6 பிட் மட்டுமே உண்மையாகக் காட்டி மீதியை வேகமான மினுக்கலால் ஈடுகட்டுபவை. நல்ல திரையும்கூட, கிராபிக்ஸ் கார்டு வழியாகக் கேலிபிரேஷன் (திரையின் நிறங்களைச் சரிப்படுத்துவது) செய்தபிறகு சாம்பல் நிறங்களில் பட்டை காட்டலாம்.

முதலில் 100 சதவீத அளவில் பாருங்கள். படத்தைச் சிறிதாக்கிப் பார்க்கும்போது, அட்ஜஸ்ட்மென்ட் லேயர்களின் விளைவை ஃபோட்டோஷாப் விரைவுக்காகச் சுருக்கமான முன்னோட்டத்தில் கணக்கிடுவதால் பொய்ப் பட்டைகள் தோன்றலாம். பிறகு ஐட்ராப்பரை ஒற்றைப் பிக்சல் அளவுக்கு வைத்து, பட்டையின் குறுக்கே மெல்ல நகர்த்தி இன்ஃபோ பேனலைக் கவனியுங்கள். எண்கள் 201, 202, 201, 203 என்று கலந்து வந்தால் கோப்பு நலமாக இருக்கிறது, குறை திரையுடையது. 201, 201, 201 என்று நீண்ட தூரம் நின்று, சட்டென 205க்குத் தாவினால் பட்டை கோப்பிலேயே இருக்கிறது. திரை தவறாகக் காட்டலாம், எண்கள் காட்டாது.

ரா கோப்பு (கேமரா பதிந்த மூலத் தரவு) என்னிடம் இருக்கிறது. என்ன செய்யவேண்டும்?

இதுவரை செய்த திருத்தங்களை ஒதுக்கிவைத்துவிட்டு ராவிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். மனதுக்குக் கடினமாக இருக்கும். ஆனால் தொலைந்த நிறங்களை உண்மையிலேயே மீட்கும் ஒரே வழி இதுதான். இந்தப் பக்கத்தில் உள்ள மற்றவை எல்லாம் இழப்பை மறைக்கும் வழிகளே.

12 பிட் ரா ஒவ்வொரு சேனலிலும் 4,096 அளவுகளையும், 14 பிட் ரா 16,384 அளவுகளையும் வைத்திருக்கிறது. எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், கான்ட்ராஸ்ட் போன்ற பெரிய மாற்றங்களை ரா மென்பொருளிலேயே முடித்துவிட்டு 16 பிட் டிஃப் கோப்பாக வெளியே எடுங்கள். புரோஃபோட்டோ ஆர்.ஜி.பி. போன்ற அகன்ற நிறவெளியைத் தேர்ந்தெடுத்தால் 16 பிட் கட்டாயம். அதே 256 படிகளை அவ்வளவு அகலத்தில் பரப்பினால் ஒவ்வொரு படியும் பெரிதாகிவிடும். 24 மெகாபிக்சல் படம் 8 பிட்டில் சுமார் 72 எம்.பி., 16 பிட்டில் சுமார் 144 எம்.பி. இடம் பிடிக்கும். வட்டில் இடம் மிச்சப்படுத்தவேண்டிய இடம் இதுவல்ல.

ஜேபெக் மட்டும்தான் இருக்கிறது. 16 பிட்டுக்கு மாற்றினால் சரியாகிவிடுமா?

மாற்றுவதால் மட்டும் எதுவும் சரியாகாது. பழைய 256 படிகள் அப்படியே புதிய இடங்களில் உட்காரும். ஆனாலும் மாற்றத்தான் வேண்டும், ஏனென்றால் அடுத்துச் செய்யப்போகும் வேலைக்கு இடைப்பட்ட நிறங்கள் உட்கார இடம் தேவை.

படத்தை 16 பிட்டுக்கு மாற்றியபின், முதலில் அச்சின் இறுதி அளவுக்குக் கொண்டுவாருங்கள். இந்த வரிசை முக்கியம். ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன். பிறகு லேயரை நகலெடுத்து, பட்டை தெரியும் பகுதியை மட்டும் காட்டும் மாஸ்க் போடுங்கள். மலைவிளிம்பு, கோபுர நுனி, தலைமுடி ஆகியவை மாஸ்க்குக்கு வெளியே இருக்கவேண்டும். நகல் லேயரில் காஸியன் பிளர் (படத்தை மழுப்பும் ஃபில்டர்) கொடுங்கள். எவ்வளவு என்பதைப் பட்டையின் அகலம்தான் தீர்மானிக்கிறது: பட்டை 40 பிக்சல் அகலம் என்றால் 5 பிக்சல் பிளர் விளிம்பை மட்டும் மழுப்பும்; படி கரையவேண்டுமானால் பட்டையின் அகலத்தை ஒட்டிய அளவுக்குப் போகவேண்டியிருக்கும். வானத்தின் நிறம் மலைமேல் கசிந்தால், பிளர் கொடுப்பதற்கு முன் நகல் லேயரில் விளிம்பையொட்டிய மலைப்பகுதியை வான நிறத்தால் நிரப்பிவிடுங்கள். மாஸ்க் அதை எப்படியும் மறைத்துவிடும்.

இப்போது எண்கள் 201லிருந்து 205க்குத் தாவாமல் இடைப்பட்ட மதிப்புகள் வழியாகச் செல்லும். அதன்மேல் நாய்ஸ், அதாவது சீரற்ற நுண்துகள்கள், சேர்த்தால்தான் வேலை முழுமையடையும். ஃபில்டர் மெனுவில் ஆட் நாய்ஸ், காஸியன் வகை, மோனோக்ரோமேடிக் தேர்வுடன் 1 முதல் 2 சதவீதம். வானத்துக்கு மட்டும் நாய்ஸ் கொடுத்தால் மற்ற பகுதிகளோடு ஒட்டாமல் நிற்கும். படம் முழுவதற்கும் மெல்லிய அளவில் ஒருமுறை கொடுப்பது நல்லது.

முகத்தில் பட்டை விழுந்திருந்தால் இந்த அளவு பிளர் தாங்காது. சர்ஃபேஸ் பிளரைக் குறைந்த அளவில் கொடுத்து, கண், உதடு, மூக்கு விளிம்புகளை விட்டுவிட்டு, நாய்ஸை நம்புங்கள்.

நாய்ஸ் சேர்த்தால் படம் கெட்டுவிடாதா?

கெடாது. இதில் நான் எந்தச் சமரசத்துக்கும் தயாரில்லை. நாய்ஸைப் பற்றிய அச்சம்தான் இன்று அச்சாகும் பட்டைகளில் பெரும்பகுதிக்குக் காரணம் என்று நினைக்கிறேன். கேமரா தந்த இயல்பான நுண்துகள்கள் வானத்தின் 201ஐயும் 202ஐயும் ஒன்றோடொன்று கலந்து வைத்திருக்கின்றன. அவற்றை நாய்ஸ் ரிடக்‌ஷன் கருவியால் துடைத்துவிட்டு 8 பிட்டில் சேமிக்கும்போது, கலப்பதற்கு எதுவும் இல்லாமல் படிகள் அப்பட்டமாக வெளியே வருகின்றன. செயற்கை நுண்ணறிவு வழியில் வழவழப்பாக்கும் கருவிகள் இதை இன்னும் திறமையாகச் செய்கின்றன. பல காட்சிகளை அடுக்கி நாய்ஸை நீக்கும் கைபேசிக் கேமராக்களின் வானத்தில் பட்டை எளிதாக விழுவதும் இதனால்தான்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. படங்களைக் குறைந்த பிட்டுகளில் அனுப்பும் முறையை எம்.ஐ.டி.யில் ஆராய்ந்த லாரன்ஸ் ராபர்ட்ஸ், குறியீடாக்கும் முன் சீரற்ற நாய்ஸைச் சேர்த்தால் பட்டைகள் மறைகின்றன என்பதை 1962இல் வெளியான கட்டுரையில் காட்டினார். பின்னாளில் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டை உருவாக்கியவர்களில் ஒருவரானவர் அவரே.

அச்சில் நாய்ஸ் எப்படித் தெரியும் என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் 0.085 மி.மீ. கையில் பிடித்துப் பார்க்கும் தூரத்தில் அவ்வளவு சிறிய, இவ்வளவு மெல்லிய துகளைக் கண் தனியே பிரித்தறியாது. ஆஃப்செட் அச்சில் அங்குலத்துக்கு 150 வரி அச்சுப் புள்ளிகள் என்றால், ஒரு அச்சுப் புள்ளிக்கு நான்கு பிக்சல்கள் சராசரியாகச் சேர்ந்துவிடுகின்றன. அதனால் திரையில் சற்று மிகையாகத் தெரியும் நாய்ஸ் அச்சில் அடங்கிப்போகும். ஆஃப்செட்டுக்கு 2 முதல் 3 சதவீதம்வரை துணிந்து கொடுக்கலாம்.

அளவு மாற்றியபின்தான் நாய்ஸ் என்று சொன்னதற்கும் இதுவே காரணம். முதலில் நாய்ஸ் சேர்த்துவிட்டுப் படத்தைச் சிறிதாக்கினால் துகள்கள் சராசரியாகிக் கரைந்துவிடும். பெரிதாக்கினால் துகள்களும் பெரிதாகிப் புள்ளிபுள்ளியாகத் தெரியும். ஷார்ப்பனிங்கையும் நாய்ஸுக்கு முன்பே, வானத்தை விட்டுவிட்டு முடித்துவிடுங்கள்.

பட்டுப் புடவையின் மடிப்புகள் காணாமல் போய், ஒரே சிவப்புத் திட்டாக அச்சாகிறது. இதுவும் போஸ்டரைசேஷன்தானா?

பார்க்க அப்படித்தான் இருக்கும், காரணம் வேறு. அரக்குச் சிவப்பு, மாம்பழ மஞ்சள், மேடையின் ஊதா நிற எல்.இ.டி. வெளிச்சம் ஆகியவற்றில் ஒரு சேனல் 255இல் முட்டி நின்றுவிடுகிறது, அல்லது அந்த நிறம் சி.எம்.ஒய்.கே. மைகளால் (சியான், மஜெண்டா, மஞ்சள், கறுப்பு) எட்ட முடியாத இடத்தில் இருக்கிறது. எட்ட முடியாத நிறங்கள் பலவும் மாற்றத்தின்போது விளிம்பில் உள்ள ஒரே நிறத்தில் வந்து குவிகின்றன. மடிப்புக்கும் மேட்டுக்கும் இருந்த வேறுபாடு அதோடு போய்விடுகிறது. இங்கே நாய்ஸ் உதவாது.

சேனல்களைத் தனித்தனியே திறந்து பாருங்கள். சிவப்புப் புடவையில் சிவப்புச் சேனல் வெறும் வெள்ளையாக இருந்தாலும், பச்சைச் சேனலில் மடிப்புகள் பெரும்பாலும் முழுமையாக இருக்கும். சேனல் மிக்சரில் அந்தப் பகுதிக்கு மட்டும் சிவப்புச் சேனலுடன் பச்சையை 15–20 சதவீதம் கலந்து, சிவப்பின் பங்கை அதற்கேற்பக் குறைத்தால் மடிப்புகள் திரும்பி வரும். ரா இருந்தால் சிவப்பின் செறிவை முன்கூட்டியே இறக்கி எடுக்கலாம்.

பிறகு சாஃப்ட் புரூஃப், அதாவது அச்சில் எப்படி வரும் என்பதைத் திரையிலேயே பார்ப்பது. அச்சகம் தரும் நிறப் புரொஃபைலை ஏற்றி, ரிலேட்டிவ் கலரிமெட்ரிக், பெர்செப்சுவல் என்ற இரண்டு நிறமாற்ற முறைகளையும் மாற்றிமாற்றிப் பாருங்கள். முன்னது எட்டாத நிறங்களை விளிம்பில் வெட்டுகிறது. பின்னது எல்லா நிறங்களையும் சேர்த்துச் சுருக்குவதால் புடவையின் செறிவு சற்றுக் குறையும், மடிப்புகளின் வேறுபாடு தங்கும். முகூர்த்தப் புடவையை அந்தக் குடும்பம் ஆல்பத்தில் விரல் வைத்துத் தடவிப் பார்க்கும். மடிப்பும் சரிகையும் தெரிவதற்காகக் கொஞ்சம் செறிவை விட்டுக்கொடுப்பதே சரி என்பது என் கருத்து.

வடிவமைப்பில் நானே போடும் கிரேடியண்ட்டிலும் பட்டை விழுகிறதே?

ஃபோட்டோஷாப்பில் கிரேடியண்ட் கருவியின் டிதர் (படிகளின் விளிம்பைத் துகள்களால் கலக்கும்) தேர்வு இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 16 பிட் கோப்பில் போடுங்கள். நெருங்கிய இரண்டு நிறங்களை நீண்ட தூரத்துக்கு இழுக்காதீர்கள். 30 சதவீதக் கறுப்பிலிருந்து 50 சதவீதக் கறுப்புவரை என்றால் 256இல் 20 சதவீதம், அதாவது 51 படிகள்தான் கிடைக்கும். 10 அடிப் பதாகையில் ஒவ்வொரு படியும் 6 செ.மீ. அகலம் வரும்.

இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா கிரேடியண்ட்டைப் பழைய முறையில் துண்டுகளாக உடைத்து அனுப்பாமல், கிரேடியண்ட்டாகவே பி.டி.எஃப்.பில் போகவிடுங்கள். 1997இல் வந்த போஸ்ட்ஸ்கிரிப்ட் 3 முதல், கோப்பை அச்சுப் புள்ளிகளாக மாற்றும் ரிப் மென்பொருளே அச்சு இயந்திரத்தின் துல்லியத்துக்கு ஏற்ப அதைக் கணக்கிட்டுக்கொள்ளும். அப்படியும் தெரிந்தால், அந்தப் பின்னணியை மட்டும் ஃபோட்டோஷாப்பில் நாய்ஸுடன் படமாக ஆக்கி வைத்துவிடுவதே நம்பகமான வழி. வெள்ளையில் கரையும் கிரேடியண்ட்டுக்கு ஓர் எச்சரிக்கை: 2 சதவீதத்துக்கும் குறைவான புள்ளிகள் அச்சில் நிற்காமல் போகலாம், கரைய வேண்டிய இடத்தில் விளிம்பு தெரியும்.

இது கோப்பின் குறையா, அச்சு இயந்திரத்தின் குறையா?

போஸ்டரைசேஷன் பட்டைகள் நிறத்தின் போக்கில் வளைந்து செல்லும். சூரியனைச் சுற்றி வளையம் வளையமாக, முகத்தில் கன்னத்தின் வடிவில். இங்க்ஜெட், ஃபிளெக்ஸ் இயந்திரங்களின் பட்டைகள் நேர்கோடாக, சம இடைவெளியில், மை தெளிக்கும் ஹெட் ஓடும் திசையிலேயே இருக்கும். ஐயம் இருந்தால் அதே பகுதியை 90 பாகை திருப்பி ஒரு துண்டு அச்சிடச் சொல்லுங்கள். பட்டை படத்தோடு திரும்பினால் உங்கள் கோப்பைப் பாருங்கள். படத்தோடு திரும்பாமல் ஹெட்டின் திசையிலேயே நின்றால் மைத்துளை (நாசில்) அடைப்பு அல்லது துணி நகரும் அளவு பற்றி இயந்திரத்தை இயக்குபவரிடம் பேசவேண்டும்.

இலவச மென்பொருளில் செய்ய முடியுமா?

முடியும். 2018இல் வந்த கிம்ப் 2.10 முதல் 16, 32 பிட் திருத்தம் இருக்கிறது; 8 பிட்டுக்கு இறக்கும்போது டிதர் செய்யும் தேர்வும் உண்டு. டார்க்டேபிள் ரா கோப்புகளை உள்ளே 32 பிட் மிதவைப் புள்ளியில் கணக்கிடுகிறது, டிதரிங்குக்குத் தனித் தொகுதியும் வைத்திருக்கிறது. கிரிட்டாவிலும் 16 பிட் வேலை செய்யலாம். பணம் இல்லாததால் பட்டையோடு அச்சிடவேண்டிய நிலை யாருக்கும் இல்லை.

வாடிக்கையாளர் வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்புகிறார்.

ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, 8 × 8 பிக்சல் கட்டங்களோடு வந்து சேரும். வானத்தில் பட்டையும் கட்டமும் சேர்ந்தே தெரியும்.

அச்சகம் 8 பிட் சி.எம்.ஒய்.கே. மட்டுமே வாங்குகிறது. 16 பிட்டில் உழைத்தது வீணா?

வீணில்லை. 16 பிட் தேவைப்படுவது கணக்குப் போடும்போது. எல்லாத் திருத்தமும், சி.எம்.ஒய்.கே. மாற்றமும் 16 பிட்டில் முடிந்து, நாய்ஸும் சேர்ந்தபிறகு, கடைசிச் செயலாக 8 பிட்டுக்கு இறக்கினால் அச்சுக்கு அது போதும். அதன்பிறகு கர்வ்ஸைத் தொடாதீர்கள்.

கோப்பை டிஃப் ஆகக் கொடுங்கள். ஜேபெக்தான் வேண்டும் என்றால் உச்சத் தரத்தில். குறைந்த தரத்தில் சேமித்தால் நீங்கள் சேர்த்த நாய்ஸைத்தான் சுருக்கமுறை முதலில் தின்னும். பி.டி.எஃப். ஏற்றுமதியில் ஜேபெக்குக்குப் பதிலாக ஜிப் சுருக்கத்தைத் தேர்ந்தெடுங்கள், டவுன்சாம்பிளிங்கை (பிக்சல்களைக் குறைப்பதை) நிறுத்திவையுங்கள்.

மாதிரிப் பிரதி எப்படி எடுப்பது?

முழுப் படத்தையும் ஏ4 தாளில் சிறிதாக்கி எடுத்துப் பார்ப்பதால் பயனில்லை. படிகளும் சுருங்கி மறைந்துவிடும். பட்டை மிக மோசமாக இருக்கும் இடத்தை மட்டும், இறுதி அளவிலேயே, ஏ4 அளவுக்கு வெட்டி, இறுதி வேலைக்குரிய அதே தாளில், அதே இயந்திரத்தில் எடுங்கள். நாய்ஸ் 1, 2, 3 சதவீதம் என மூன்று துண்டுகளை ஒரே தாளில் அடுக்கினால் ஒரே செலவில் விடை கிடைக்கும். ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், அந்த அச்சு வழக்கமாகப் பார்க்கப்படும் தூரத்தில் நின்று பாருங்கள். பதாகையை மூக்கருகே வைத்துப் பார்த்து நாய்ஸைக் குறைக்கவேண்டாம்.

அச்சாகி வந்தபிறகுதான் பட்டையைக் கவனித்தேன். இனி ஏதாவது செய்யலாமா?

லேமினேஷன் இன்னும் செய்யவில்லை என்றால் பளபளப்பானதைத் தவிர்த்து மேட் லேமினேஷனைத் தேர்ந்தெடுங்கள். பளபளப்பு கருமையை ஆழமாக்கி நிழல்பகுதிப் படிகளைத் துலக்கிக் காட்டும்; மேட் பரப்பு அந்த வேறுபாட்டைச் சற்றுத் தணிக்கும். லேசான பட்டைக்கு இது போதுமானதாக இருக்கலாம். முகத்தில் விழுந்த பட்டைக்குப் போதாது. அந்தப் பக்கத்தை மட்டுமாவது திருத்தி மீண்டும் அச்சிட்டுக் கொடுங்கள்.